ரப்பர் குழாயின் கீறல்

அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் குழாய்க்கு வயிற்றில் ஒரு கீறல். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் கீழேயிருந்த வாட்டர் பம்ப்பை நனைக்க, பழி பம்ப் மேல் விழுந்தது. குழாய் வாயே திறக்கவில்லை.

மெக்கானிக் அந்தப் பம்ப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேகமான புது பம்ப்பைப் பூட்டினார்.

"முன்னாடி இருந்தவரை ஏண்ணே எடுத்தாங்க?" என்று கேட்டது புதுசு.

"ஒழுகிச்சு" என்றது குழாய். "தம்பி, நீ தண்ணியைக் கொஞ்சம் மெதுவாவே தள்ளேன்."

"அதுக்கா என்னைக் கொண்டுவந்தாங்க?"

இன்ஜின் உறுமியது. குழாய் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே, என் தலையில ஏதோ சொட்டுதே!"

மெக்கானிக் குனிந்து புது பம்ப்பைத் தடவினார். "அட, இதுவும் ஒழுகுதே" என்று ஸ்பேனரை எடுத்தார்.

குழாய் இந்த முறையும் வாயைத் திறக்கவில்லை. கீறல்தான் இன்னும் கொஞ்சம் விரிந்தது.