பட்ட கிளை

“அந்தக் கிளைய வெட்டிடுங்கண்ணா,” என்றாள் மஞ்சு.

நெடுமாறன் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். இலவசத் தமிழ் விசைப்பலகை ஒன்றைச் செய்து ஊருக்கெல்லாம் கொடுக்கும் குழுவுக்கு அவன்தான் பொறுப்பு. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியறை. யார் வேண்டுமானாலும் நிரல் எழுதித் தரலாம். ஒவ்வொருவர் வேலையும் தனிக் கிளையாக நிற்கும்.

வருடக்கணக்கில் யாரும் தொடாத கிளைகளை இந்த வாரம் வெட்டிக்கொண்டிருந்தான். வேண்டுமென்றால் சொல்லுங்கள், விட்டுவைக்கிறேன் என்று எழுதியவர்களுக்கெல்லாம் மெயில் போட்டிருந்தான். வேண்டாம் என்று சொல்வதற்கு வல்லத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள் இவள் ஒருத்திதான்.

“உங்க வீட்டுக்காரர் கை விழுந்துட்டிருக்கும்போது எழுதுனதும்மா அது. கண்ணை அசைச்சா எழுத்து விழும், அவர் கொரல்லயே பேசும். கொரலு போறதுக்குள்ள பதிஞ்சு வச்சாரு. அத எப்படிம்மா வெட்றது?”

வளவனை அவன் நேரில் பார்த்ததில்லை. நோய் முற்றியது தெரியும். பிறகு மெயில்கள் நின்றன. குழுவில் யாரோ அஞ்சலி எழுத, இவனும் இரண்டு வரி எழுதினான். வளவன் கிளையை மட்டும் வெட்டாமல் ஒதுக்கி வைத்திருந்தான்.

“அந்தக் கொரலுதாண்ணா.” மஞ்சு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “பகல்லயும் கேக்குது, ராத்திரியிலயும் கேக்குது. என்னால தாங்க முடியல.”

நெடுமாறன் தலையைக் குனிந்தான். அவள் கால்விரலில் மெட்டி அப்படியே இருந்தது. காலம் மாறித்தான் இருக்கிறது என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

“வெட்டிட்டா அது ஓடுற வெப் பக்கமும் போயிடும்மா. எங்கயும் தெறக்காது.”

“எங்க வீட்டு டேப்லெட்லயுமா?”

“எதுலயும்.”

“உங்ககிட்ட காப்பி இருக்குமே?”

“இருக்குது.”

“அதையும்ண்ணா.”

அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “அவர் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதாம்மா.”

“இன்னா விட்டாரு, எத எங்கிட்ட விட்டாருன்னு எனக்குத்தான தெரியும்? நீங்க அஞ்சலி போட்டீங்க, அடுத்த வேலையப் பாத்தீங்க.”

அது தைத்தது. கிளையை அழித்தான். நகலையும் அழித்தான். நிச்சயமாகவா என்று கணினி ஒவ்வொரு முறையும் கேட்டது. ஒவ்வொரு முறையும் மஞ்சுதான் “ஆமா” என்றாள்.

கீழே வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அவனே பைக்கில் ஏற்றிக்கொண்டான். சாலையில் காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கடலையைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள்.

தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டாள். “போதும்ண்ணா. ஊருல ஒரு மாதிரி பேசுவாங்க.”

திரும்பியவனுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வளவன் படத்தை ஒரு முறை கும்பிடாமல் போவதா? ஒரு மாலை வாங்கிக்கொண்டு வந்து வீட்டை விசாரித்தான். குழாயடியில் நின்ற பெண் கையை நீட்டிக் காட்டினாள். மாலையை ஒரு மாதிரி பார்த்தாள்.

கதவு திறந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே சுவரில் படத்தைத் தேடினான். படம் இல்லை.

கட்டில் இருந்தது. தலையணைகளுக்கு நடுவே எலும்பும் தோலுமாக ஒரு மனிதன். அவன் முகத்துக்கு நேரே கம்பியில் பொருத்திய டேப்லெட். திரை வெறும் வெள்ளை. கண்கள் மட்டும் அதில் மேலும் கீழும், மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தன.

வாசலுக்கு முதுகைக் காட்டி நின்ற மஞ்சு, அவன் காதருகே குனிந்தாள்.

“இப்ப பேசுடா, பாக்கலாம்.”