குட்டை கியர்

"அக்கா, உங்க கார் இருக்கிற லட்சணத்தைப் பாத்துட்டு உள்ள போங்க. மயக்கம் போட்டு விழுந்துடாதீங்க."

சந்தையிலிருந்து காய்கறிப் பைகளோடு வந்த ரொகாயாவை வாசலிலேயே நிறுத்தினாள் பக்கத்து வீட்டு மஸ்னி.

ரொகாயா எட்டிப் பார்த்தாள். பழைய புரோட்டான் வீரா காரின் கதவுகள் திறந்து கிடந்தன. கியரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மூடி, திருகாணிகள், பிடுங்கிப் போட்ட கியர்க் கம்பி, எல்லாம் சிமெண்டுத் தரையில். முன் சீட்டில் குப்புறக் கிடந்தார் அவள் கணவர் சஹாரின். இரண்டு கால்கள் மட்டும் வெளியே.

"காலையிலேர்ந்து இதே வேலை. என்னமோ குட்டை கியராம். எங்க தம்பியும் ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கான். அது ரேஸ் விடுற பசங்க போடுறது அக்கா. அண்ணனுக்கு இந்த வயசுல எதுக்கு?"

மஸ்னி குரலைக் குறைத்தாள். "நீங்க கையுறை ஃபேக்டரியில கிடந்து சாகுறீங்க. வீட்ல இருக்கிறவருக்கு விளையாட்டு!"

ரொகாயாவுக்கு உடம்பெல்லாம் அசதி. வாரம் முழுக்க பாசிர் கூடாங் துறைமுக ரோட்டில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே காரை ஓட்டிக்கொண்டு ஊர்ந்து போய் ஊர்ந்து வருகிறவள். ஞாயிறு ஒன்றுதான் படுக்கலாம்.

"ஏங்க, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"வந்துட்டியா? அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு. இங்கதான் எங்கயோ வச்சேன்."

ஸ்பேனர் அவர் காலடியிலேயே கிடந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றது. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாமல் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு நான் வேலைக்குப் போக வேணாமா? சமையலறைக் குழாய் ஒழுகுது, அதைப் பார்க்க ஆளில்ல. ஓடிட்டிருந்த காரைப் பிரிச்சுப் போட்டுட்டீங்க. நமக்கு எதுக்குங்க ரேஸ் சாமான்?"

"மலிவாத்தான் வாங்கினேன், கயா."

"மலிவோ விலையோ, எதுக்குன்னு கேக்குறேன்!"

குரல் உயர்ந்துவிட்டது. வேலிக்கு அப்பால் மஸ்னி, காய்ந்த துணியையே மறுபடி உதறிக் காயப்போட்டாள்.

சஹாரின் மெல்லத் திரும்பி உட்கார்ந்தார். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"நான் தூங்கிட்டேன்னு நெனச்சு தினமும் இடது தோளுக்குத் தைலம் தேய்க்கிறியே. பார்வைதான் போச்சு. வாசனை தெரியாமலா போகும்?"

ரொகாயாவின் வலது கை தானாக இடது தோளுக்குப் போனது.

"பழைய கம்பி நீளம். ஒவ்வொரு தடவையும் கையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வீசணும். நின்னு நின்னு போற ரோட்டுல தோளு என்னத்துக்கு ஆகும்? இது குட்டை. துளி நகர்த்தினாப் போதும், தோளு அசையவே வேணாம்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான்தான் உன்னை ஓட்டிட்டுப் போய் விடணும். அதுக்கு வக்கில்ல. இதையாவது செய்யலாம்னு…"

மஸ்னி சத்தமில்லாமல் வேலியை விட்டு நகர்ந்தாள்.

ரொகாயா பைகளைக் கீழே வைத்தாள். ஸ்பேனரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அப்புறம் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். தடவித் தடவியே ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினார் சஹாரின்.

முடிந்ததும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, கியரை மாற்றிப் பார்த்தார். லாரி ஓட்டிக் காய்த்த கை. கியர் பொம்மை மாதிரி ஆடியது.

"டக்கு டக்குனு விழுது பாத்தியா!" என்றார்.

மறுநாள் மாலை. கார் சத்தம் கேட்டதுமே வாசலுக்கு வந்துவிட்டார்.

"எப்படி இருக்கு?"

"வெண்ணெய் மாதிரி போகுதுங்க."

"தோளு?"

"தோளுன்னு ஒண்ணு இருக்கிற ஞாபகமே இல்ல."

"நான் சொல்லல?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மெதுவா இறங்கி வா. இன்னிக்கு நான் தேத்தண்ணி போடுறேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. லைசென்ஸ் போன பிறகு அந்த வீட்டில் யாரும் கேட்காத சத்தம்.

மஸ்னி வேலியோரம் வந்து நின்றாள். முகத்தில் அசடு வழிந்தது.

"நேத்து வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்கா. மனசுல வச்சுக்காதீங்க. அண்ணன் மாதிரி யாருக்கு வாய்க்கும்? எனக்கும் இந்தத் தோள்வலி தாங்கல. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி நானும் ஒண்ணு போட்டுக்கட்டுமா?"

ரொகாயா இன்னும் காரை விட்டு இறங்கவில்லை. இடது கை மடியில் துவண்டு கிடந்தது. சமையலறை ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"வேணாம்டி. கம்பி குட்டையானா தள்ள பலம் ஜாஸ்தி வேணும் போல. கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. அவர்கிட்ட மூச்சு விட்டுடாத, ஒவ்வொரு கியரையும் ரெண்டு கையாலயும் தள்ளித்தான் வீடு வந்து சேர்ந்தேன்."