நடு ஆற்றில் கையசைப்பு

எதிர்க்கரை ஆட்களின் முகம் தெரியும் தூரத்துக்கு வந்ததும் படகு தரை தட்டி நின்றது.

படகில் இருந்த எல்லோரும் திரும்பி அவனைத்தான் பார்த்தார்கள்.

நியாயம்தான். கயிற்றை அவிழ்த்த பிறகும், தெருக்கோடியில் ஓடி வந்த இவனுக்காகத்தான் ஓட்டுநர் படகை நிறுத்தி வைத்தார். தண்ணீர் இறங்கும் வேளையில் அப்படி நிறுத்தக் கூடாது. கடல் ஆற்றை இழுத்துக்கொள்ள ஆரம்பித்தால் யார் ஓடி வருகிறார்கள் என்று பார்க்காது.

ஆனால் இந்தப் படகுக்குக் காத்திருந்தே பழக்கம். துறையில் 'நேரம் தவறாத சேவை' என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகையே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது என்று பயணிகள் கேலி பேசுவார்கள்.

ஓட்டுநர் கழியை இறக்கிப் பார்த்தார். பாதிக் கழி சேற்றுக்குள் போய்விட்டது. இறங்கி நடக்க முடியாது, சின்னத் தோணி வரவும் தண்ணீர் போதாது, சாயங்காலம் ஏறினால்தான் உண்டு என்று சொல்லிவிட்டு, துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

ஊரான் பொழைப்பைக் கெடுப்பதற்கென்றே சிலர் பிறக்கிறார்கள் என்று கூடைக்கார அம்மா ஆற்றைப் பார்த்துச் சொன்னாள்.

அவன் காதில் அது ஏறவில்லை. கரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படிக்கட்டின் மேல்படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டிகளோடு தங்கை. பின்னால் வாடகைக் கார், கதவு திறந்தபடி.

வீட்டை விற்றாகிவிட்டது. அதற்காகவே வெளிநாட்டிலிருந்து வந்த தங்கை, மதிய விமானத்தில் அப்பாவையும் தன்னோடு கூட்டிப் போகிறாள். இந்த வயதில் போகிறவர் இனித் திரும்பி வரப் போவதில்லை. அது மூன்று பேருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

தண்ணீர் இல்லை என்று அவன் முதல் தடவை சொன்னது உண்மையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றில் தண்ணீர் இல்லை, படகு ஓடவில்லை என்று போனில் சொன்னான். தண்ணீரோடு யார் மல்லுக்கட்ட முடியும், அடுத்த வாரம் வா என்றார் அப்பா.

இவ்வளவு சுலபமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு தூக்கம் வந்தாலும் தண்ணீர் இல்லை. தூறல் போட்டாலும் தண்ணீர் இல்லை. டிவியில் மேட்ச் இருந்தாலும் தண்ணீர் இல்லை.

அப்பாவோடு சண்டையா, மனத்தாங்கலா, ஒன்றும் கிடையாது. ஆற்றைத் தாண்டினால் வீடு. எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்ற தைரியத்திலேயே போகாமல் இருந்துவிட்டான். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அப்பா ஒரு தடவைகூடக் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. தங்கைதான் வந்து இறங்கிய நாளிலிருந்து, போனில் சொல்கிற விஷயமில்லை, ஒரு நடை வந்து பார் என்று நச்சரித்தாள். வீட்டுப் பத்திர விவகாரமாக இருக்கும் என்று அதையும் தட்டிக்கழித்தான்.

படகு அடிக்கும் ஹாரன் அந்த வீட்டுக் கூடம் வரைக்கும் கேட்கும். அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா அதைக் கேட்டுக்கொண்டேதான் சரிப்பா, சரிப்பா என்றிருக்கிறார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது.

இன்றைக்கும் தண்ணீர் இல்லை என்று சொன்னால் எந்த மடையன் நம்புவான்? புலி வருது கதைதான். ஆனால் இன்று ஒரு வசதி இருந்தது. நல்ல வெயில், நடுவில் மறைப்பு எதுவும் கிடையாது. படகு நிற்பதையும் அதில் மகன் நிற்பதையும் அப்பா தன் கண்ணாலேயே பார்க்கலாம்.

உட்காரும் பலகைமேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினான். தங்கை பார்த்துவிட்டாள். அவளும் கையைத் தூக்கினாள்.

அப்பா அசையவில்லை.

கோபம். பின்னே இருக்காதா? கத்திப் பார்த்தான், எதிர்க்காற்று அதைத் திருப்பி அவன் முகத்திலேயே அடித்தது. தங்கையைப் போனில் அழைத்து அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான். அவள் போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இந்தத் தடவை நிஜமாவே தண்ணி இல்லப்பா. நடு ஆத்துல மாட்டிக்கிட்டேன். கை ஆட்டுறேன் பாருங்க."

இந்தத் தடவை என்று சொல்லியிருக்க வேண்டாம். வாய் முந்திக்கொண்டது.

போனுக்குள் காற்று மட்டும் இரைந்தது. படகில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியுதுப்பா, நல்லாத் தெரியுது. கையைக் கீழ போடு, வலிக்கப் போகுது."

சொல்லிக்கொண்டே அப்பாவும் கையைத் தூக்கி ஆட்டினார், சிரித்த முகமாக, ஆற்றின் மேல்பக்கம் பார்த்து. அங்கே படகு எதுவும் இல்லை.

தங்கை குனிந்து, அவர் முகவாயைப் பிடித்து, மெதுவாக இந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.