ஐந்து விரல் தடிப்பு

தேவசகாயத்தின் முன்கையில் டாக்டர் ஐஸ் கட்டியை வைத்து எடுத்தபோது, அதே சதுரத்தில் தோல் தடித்துச் சிவந்தது. குளிர்தான் அவன் உடம்புக்கு ஆகவில்லை என்றார். அன்றிலிருந்து அவன் மனைவி ரோஸ்லின் குளிக்க வெந்நீர் வைத்தாள், மாத்திரையை எண்ணி எடுத்துக் கொடுத்தாள், தன் கைகளை அடுப்பில் காட்டிச் சூடேற்றிய பிறகே அவனைத் தொட்டாள்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவன் ஸ்வெட்டரையும் சட்டையையும் கழற்றினான். முதுகில் ஓர் உள்ளங்கை விரல்களோடு தடித்திருந்தது.

“முதுகுல என்னங்க?”

“பஸ்ல கம்பியில சாஞ்சுட்டு வந்தேன்.”

“ஸ்வெட்டருக்குள்ளயா? கம்பிக்கு அஞ்சு விரல் வேறயா?”

“அரிக்குது. மருந்தத் தடவிவிடேன்.” அவன் திரும்பவில்லை.

ஒரு மணி நேரத்தில் தடிப்பு வற்றிவிடும். அதன் பிறகு கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. ரோஸ்லின் சமையலறைக்குப் போய்க் குடத்துத் தண்ணீருக்குள் கையை விட்டாள். விரல்கள் மரத்ததும் திரும்பி வந்து, அந்தத் தடத்தை ஒட்டித் தன் கையை அழுத்தி வைத்தாள்.

“ஐயோ, சில்லுங்குது! என்னடி பண்ற?”

“அசையாம உக்காருங்க. என்னோடதும் எழும்பட்டும்.”