சந்தனம் வைக்காத வண்டி

பைக் மூன்றாவது முறையாக நின்றது.

நிற்பதற்கு முன் இரண்டு தடவை விக்கியது. பிறகு தொண்டை அடைத்ததுபோல் அடங்கிவிட்டது.

அவள் வண்டியை உருட்டிப்போய், ஆயக்குடி கொய்யாக் கடைகளில் முதல் கடையின் நிழலில் நிறுத்தினாள். உடுமலை இன்னும் தூரம். தனியாக இவ்வளவு தூரம் வருவது இதுதான் முதல் முறை.

பயமில்லை. கோபம்தான்.

வண்டி வாங்கிய அன்றே அம்மா சொல்லியிருந்தாள். வழியில் ஒரு தடவை நின்றால் போதும், விற்றுவிட வேண்டும். அவளும் வீறாப்பாகத் தலையாட்டியிருந்தாள். என் வண்டியாவது, நிற்பதாவது.

கொய்யா அடுக்கிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தார்.

"மெக்கானிக்க வரச் சொல்லட்டுமா கண்ணு?"

"வேண்டாங்க்கா. நானே பாத்துக்கறேன்."

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். கிக்கரை உதைத்துப் பார்த்தாள். பொறி பளிச்சென்று அடித்தது. அதில் குறையில்லை.

வண்டியை ஆட்டினாள். முந்தாநாளே நிரப்பிய டேங்கில் பெட்ரோல் தளும்பியது.

பெட்ரோல் குழாயைப் பிடுங்கினாள். நூலாக வந்தது. சொட்டானது. நின்றுபோனது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடித்துவிட்டாள்.

மேலே காற்று உள்ளே போனால்தானே கீழே பெட்ரோல் வரும். அதற்காக டேங்க் மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அது அடைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

குழாயையும் பிளக்கையும் மாட்டினாள். டேங்க் உறையில் மூடிக்கு மேலிருந்த மடிப்பைத் தூக்கினாள்.

மூடியின் நடுவில் சந்தனம். கட்டியாக அப்பிக் காய்ந்திருந்தது. அதன்மேல் குங்குமம்.

அவள் வைக்கவில்லை.

நேற்று ஆயுத பூஜை. வீட்டில் சந்தனம் வைப்பது எப்போதும் அம்மாதான். மிக்சிக்கு வைத்தாள். தையல் மெஷினுக்கு, அரிவாள்மனைக்கு, அப்பாவின் ஸ்கூட்டருக்கு வைத்தாள். துருப்பிடித்த கட்டிங் பிளேயருக்குக்கூட ஒரு பொட்டு கிடைத்தது. இந்த வண்டியை மட்டும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனாள்.

நீயே வைத்துக்கொள்ளேன் என்றார் அப்பா. வீம்புக்கு அவளும் வைக்கவில்லை. பொங்கலும் சுண்டலும் சாப்பிடவில்லை.

யாரும் பார்க்காத நேரத்தில் அம்மா வந்திருக்கிறாள். மடிப்பைத் தூக்கி, பொட்டு வைத்து, மறுபடி மூடிவிட்டுப் போயிருக்கிறாள்.

கண் கலங்கியது. கொய்யா விற்பவர் பார்க்கிறாரே என்று துடைத்துக்கொண்டாள்.

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். துளையில் மட்டும் குத்தினாள். சுற்றியிருந்த சந்தனத்தைத் தொடவில்லை.

டேங்க் நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது.

ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது.

இப்படியே போய்விடலாம். நின்றது அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை.

வண்டியை ஓடவிட்டபடியே போனை எடுத்தாள். அந்தச் சத்தமும் கேட்கட்டும்.

"அம்மா, வண்டி வழியில நின்னுருச்சு. மூடி ஓட்டையில சந்தனம்."

அந்தப் பக்கம் அடுப்படியில் குக்கர் கத்துவது கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

"பிரேக்குலயும் வெச்சேன்," என்றாள் அம்மா. "எது பிரேக்குன்னு அப்பாகிட்டக் கேட்டுத்தான் வெச்சேன். அது இருக்குதா?"

குனிந்து பார்த்தாள். கால் பிரேக்கின் ஓரத்தில் கொஞ்சம் சந்தனம், கொஞ்சம் சிவப்பு, மீதி செருப்புத் தடம்.

"மிதிச்சு மிதிச்சுப் பாதி அழிஞ்சிருச்சும்மா."

"அழியட்டும். நல்லா அழியட்டும்," என்றாள் அம்மா. "அடுத்த வருசம் வெச்சுக்கலாம்."