ஜாடியில் கிடந்த கல்

தாய்லாந்தின் கோன் கேன் நகர மருத்துவமனையில், ஆய்வுக்கூட ஜன்னலுக்கு ஐந்தாவது முறையாக வந்து நின்றான் வீராச்சாய்.

“அக்கா, என் கல்லு என்னாச்சு?”

“கொஞ்சம் ஒரு இடத்துல உக்காரேன் தம்பி!” என்றாள் ஆய்வாளர் சிந்தனா.

அவனால் உட்கார முடியவில்லை. சிறுநீரகம் இரண்டும் பழுதான அக்கா கம்லாவுக்கு, தன்னுடையதில் ஒன்றைத் தருவதாக இருந்தான். அதற்கான சோதனைக்காக வீட்டில் ஒரு நாள் முழுக்கச் சிறுநீரை ஜாடியில் சேர்த்தபோது, அடியில் ஒரு கல் கிடந்தது. கல் உருவாகும் உடம்பென்றால் தர முடியாமல் போகலாம் என்றிருந்தார் டாக்டர்.

சிந்தனா கல்லைப் பொடித்துக் கருவியில் வைத்தாள். சுண்ணாம்புச் சத்தும் இல்லை, யூரிக் அமிலமும் இல்லை.

“இது ஆத்தங்கரைக் கூழாங்கல்லுப்பா. கொடுக்க மனசில்லன்னா நேரா சொல்றதுதானே? எதுக்கு இந்த நாடகம்?”

வீராச்சாய் திகைத்தான். மறுகணம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குலுக்கினான்.

“அப்போ எனக்குக் கல்லே இல்லியா? நான் கொடுக்கலாமா?”

பதிலுக்குக் காத்திராமல் டாக்டர் அறைக்கு ஓடினான்.

சிந்தனாவுக்குச் சுருக்கென்றது. கல்லைப் போட்டது இவன் இல்லையென்றால், வேறு யார்?

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கம்லா, வீங்கிய கால்களோடு மெல்ல ஜன்னலுக்கு வந்தாள்.

“உடம்புல வந்த கல்லுன்னே எழுதிடுங்கக்கா. அவனுக்கு ரெண்டு பச்சப் புள்ளைங்க இருக்கு. நான்தான் ஜாடியில போட்டேன்.”

சிந்தனா தலையசைத்து மறுத்தாள்.

“முடியாதும்மா. இப்ப அவன் ஓடுன ஓட்டத்தப் பாத்தியா?”