ஆறு மணிக்கு வண்டு

"உன்ரை குரல் இந்த வீட்டுக்குள்ளை கேக்கக் கூடாது, விளங்குதோ? என்ரை உயிர் இருக்குமட்டும் கேக்காது!"

உதயகலா கைத்தொலைபேசியைத் துண்டித்த கையோடு தொலைக்காட்சியைப் போட்டாள். மணி ஆறு. ஐந்து வயது யதுசன் புட்டுக் கோப்பைக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தான்.

அழைத்தவள் தக்சாயினி, யதுசனைப் பெற்றவள். உதயகலாவின் ஒரே தம்பி சிவகரனை விரும்பிக் கட்டியவள். போன வருடம் அவளை ஏற்றிவரத்தான் சிவகரன் கொட்டும் மழைக்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். புத்தூர்ச் சந்தியைத் தாண்டவில்லை.

அந்தியேட்டிக் கிரியை முடிந்த முப்பத்தோராம் நாளே தக்சாயினியின் பை படலைக்கு வெளியே கிடந்தது. பிள்ளை உள்ளே நித்திரை.

"மச்சாள், அவன் எழும்பினால் என்னைத் தேடுவான்" என்று அவள் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ என்ரை தம்பியை எடுத்தாய். நான் உன்ரை பிள்ளையை எடுக்கிறன்." உதயகலா படலையைப் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள்.

அதோடு அவள் மனம் ஆறவில்லை. பிள்ளையின் நெஞ்சிலிருந்தே தாயைத் துடைத்து எறிய வேண்டும் என்று நின்றாள். கலியாணப் படங்கள் பெட்டகத்துக்குள் போயின. "அம்மா" என்று அவன் வாய் திறந்தபோதெல்லாம் அந்த வாயைச் சுண்டினாள். இரண்டு மாதம் தேடி அழுதவன், பிறகு ஒருநாள் திடீரென்று அழுகையை நிறுத்திவிட்டான். அன்று உதயகலா பிள்ளையாருக்கு மோதகம் அவித்தாள்.

நாளைக்கு வழக்கு. நீதவான் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்கப்போகிறார். அவன் ஒரு சொல் சொன்னால் போதும், தக்சாயினி வெறுங்கையோடு திரும்பிப் போவாள்.

"உதயகலாக்கா!" வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக் குணலட்சுமியின் தலை தெரிந்தது. "நாளைக்கெல்லோ கோட்டுக்குப் போறியள்?"

"ஓமடி. நாளையோடை அவளின்ரை ஆட்டம் முடிஞ்சுது."

"அவள் இப்ப யாழ்ப்பாண ரவுணிலை வேலை செய்யிறாளாம். எங்கடை மருமோன் அங்கை கரண்ட் வேலைக்குப் போகேக்கை கண்டவனாம். யன்னலில்லாத சின்ன அறையாம். சுவர் முழுக்க முட்டைத் தட்டாம். கதவைச் சாத்தினால் உள்ளை கதைக்கிறது வெளியிலை கேக்காதாம்."

உதயகலா சிரித்த சிரிப்பில் வேலியில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

"முட்டை அடுக்கிற வேலையோ! படிச்ச பெட்டை, படிச்ச பெட்டை எண்டு என்ரை தம்பி தலையிலை வைச்சுக் கூத்தாடினான். நல்லா வேணும் அவளுக்கு! கோழி எச்சம் மணக்கிற கையிலை ஆர் பிள்ளையைக் குடுப்பினம்? நாளைக்கு உதையும் வழக்குப் பேசிற அப்புக்காத்தரிட்டைச் சொல்லோணும்."

உள்ளே பாட்டுக் கேட்டது. 'வண்டு' தொடங்கிவிட்டது. உருண்டைத் தலையும் பெரிய கண்ணுமாக ஒரு சின்னப் பொடியன். அவனுடைய அப்பா, தமக்கை, ஒரு நொண்டி ஆட்டுக்குட்டி. ஊர்ப் பேச்சிலேயே கதைக்கும் கார்ட்டூன். பத்து மாதமாக ஒருநாள் தவறாமல் போகிறது.

இன்றைக்கு வண்டு, இடுப்பில் சாவிக்கொத்துக் கிலுங்கத் திரியும் மாமியின் சாவியை எடுத்து ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டான். மாமி வளவெல்லாம் ஆட்டைத் துரத்தி, மாட்டுச் சாணிக்குள் குப்புற விழுந்தாள்.

"வேணும், நல்லா வேணும் உந்தச் சனியனுக்கு!" உதயகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் இடுப்பிலும் சாவிகள் கிலுங்கின.

யதுசன் சிரிக்கவில்லை. கண் கொட்டாமல் பார்த்தபடி, அவள் புட்டைத் தீத்தத் தீத்த வாயைத் திறந்தான். மத்தியானத்தில் தலைகீழாக நின்றாலும் ஒரு பிடி சோறு இறங்காத பிள்ளை, ஆறு மணிக்குக் கோப்பையையே வழித்துவிடுவான். வண்டுவுக்கு ஒரு கோயில் கட்டலாம் என்று உதயகலா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

"குஞ்சு, நாளைக்கு ஒரு ஐயா உன்னட்டை, ஆரோடை இருக்கப்போறாய் எண்டு கேப்பார். என்ன சொல்லோணும்?"

யதுசன் திரும்பவில்லை.

"மாமியோடை எண்டு சொல்லோணும். அம்மாவைத் தெரியுமோ எண்டு கேட்டால், மறந்துபோனன் எண்டு சொல்லோணும். எங்கை, ஒருக்காச் சொல்லு பாப்பம்."

அவன் திரைப் பக்கம் காதைச் சாய்த்தான். உதயகலாவுக்கு மூக்கு நுனிவரை கோபம் வந்தது.

"டேய், உன்னோடைதான் கதைக்கிறன்! அவள் கொம்மாவின்ரை குரலாவது இப்ப உனக்கு ஞாபகம் இருக்கோ?"

திரையில் வண்டு கோப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான். ஒவ்வொரு நாளும் முடிவில் கேட்பதைத்தான் இன்றும் கேட்டான். "கடைசி வாய் ஆருக்கு?"

யதுசன் கடைசி உருண்டையை வாங்கி விழுங்கினான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, புட்டு ஒட்டிய சின்ன விரலை எட்டி மாமியின் வாயில் வைத்தான்.

"உஸ்ஸ்… கத்தாதேங்கோ மாமி, அம்மா இன்னும் கதைச்சு முடிக்கேல்லை."